கணக்கரும் கணிப்பொறியும்

கம்ப்யூட்டர் என்னும் ஆங்கிலச் சொல் இன்று ஒரு பொறியைக் குறிக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் அச்சொல் மனிதரைக் குறித்தது. வான ஆராய்ச்சி நிலையங்களிலும், கடலோடிகளுக்குரிய பஞ்சாங்கங்களைக் கணிக்கும் அலுவலகங்களிலும் மேசை முன் அமர்ந்து, காலை முதல் மாலை வரை கூட்டியும் கழித்தும் பெருக்கியும் அட்டவணைகளை நிரப்பிய கணக்கர்களுக்கே அப்பெயர் வழங்கிற்று. பின்னர்ப் பொறி வந்தது. கணக்கரின் வேலையை ஏற்றது. அவருடைய பெயரையும் எடுத்துக்கொண்டது.

நேயர்களே! எண்களைக் கையாண்ட அப்பொறி இப்போது சொற்களையும் கையாளத் தொடங்கிவிட்டது. கடிதம் எழுதுகிறது, படம் வரைகிறது, இசை அமைக்கிறது, பாடத்தில் ஐயம் கேட்கும் மாணவனுக்கு விடை கூறுகிறது, தனிமையில் வாடுவோரோடு உரையாடுகிறது. செயற்கை அறிவு என்று நாம் அழைக்கும் இது நம் தொழிலையும் கல்வியையும் கலையையும் மனித உறவையும் எவ்வாறு மாற்றும் என்பது இன்று எங்கும் எழும் வினா. வருவதை உரைப்பது சோதிடர் தொழில். வந்ததை ஆராய்வது வரலாற்றின் தொழில். அறிவுத் தொழிலின் ஒரு பகுதியைப் பொறியிடமோ, பொறி போன்றதோர் ஏற்பாட்டிடமோ ஒப்படைக்கும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் துணைகொண்டு இவ்வினாவை அணுகுவோம்.

முதலில் பொறியின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். பொறி சிந்திக்குமா என்ற வினாவை 1950ஆம் ஆண்டில் ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் ஒரு கட்டுரையில் எழுப்பினார். ஐந்து ஆண்டுகள் கழித்து, ஜான் மக்கார்த்தி முதலிய நால்வர் எழுதிய ஒரு திட்ட அறிக்கையில் செயற்கை அறிவு என்னும் பெயர் இடம்பெற்றது. 1956ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் அறிஞர் சிலர் கூடி அத்துறையைத் தொடங்கி வைத்தனர். அக்காலத்தில் பொறிக்கு விதிகளை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தல் பெருவழக்காக இருந்தது. இன்று வெற்றி பெற்றுள்ள முறை வேறு. நூல்களும் இதழ்களும் உரையாடல்களுமாக அளவிறந்த எழுத்துக் குவியலைப் பொறியின் முன் வைக்கின்றனர். ஒரு தொடரில் அடுத்து வரும் சொல் எது என்று அது ஊகிக்கிறது. ஊகம் தவறினால், தன்னுள் இருக்கும் கோடிக்கணக்கான எண்களைச் சிறிதே திருத்திக்கொள்கிறது. இவ்வாறு எண்ணிலா முறை திருத்தித் திருத்தி, மொழியின் நடையைப் பழகிக்கொள்கிறது. 2022ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் சாட்ஜிபிடி என்னும் உரையாடற் கருவி வெளியிடப்பட்டபோது, இம்முறையின் ஆற்றலைப் பொதுமக்கள் நேரில் கண்டனர். ஏற்புடைய சொல்லைக் கண்டெடுப்பதில் அக்கருவி வல்லது. ஆயினும் ஏற்புடையதாகத் தோன்றும் சொல் எல்லாம் உண்மையான சொல் ஆகிவிடுவதில்லை. இவ்வேறுபாட்டை நினைவில் இருத்திக்கொண்டு வரலாற்றுக்குள் புகுவோம்.

தொழிலின் கதை பாரிஸ் நகரில் தொடங்குகிறது. பிரஞ்சுப் புரட்சிக்குப் பின் அந்நாட்டு அரசு புதிய அளவை முறையை வகுத்தது. அதற்கேற்பப் பெரிய கணித அட்டவணைகள் தேவைப்பட்டன. அப்பணியை மேற்கொண்ட கஸ்பார் த ப்ரோனி என்பவர் ஆடம் ஸ்மித்தின் நூலைப் படித்தவர். ஒரு குண்டூசி செய்வதையே பல கூறாகப் பிரித்துப் பல கைகளிடம் கொடுத்தால் வேலை விரைந்து முடியும் என்று ஸ்மித் காட்டியிருந்தார். குண்டூசிக்கு ஆகும் முறை கணக்குக்கும் ஆகும் என்று ப்ரோனி துணிந்தார். தம் பணியாளரை மூன்று வரிசையாக வகுத்தார். முதல் வரிசையில் சூத்திரங்களைத் தேர்ந்த கணித மேதைகள் சிலர். இரண்டாம் வரிசையில் அவற்றைச் சிறு சிறு கணக்குகளாக உடைத்துக் கொடுத்தோர் சிலர். மூன்றாம் வரிசையில் கூட்டலும் கழித்தலும் மட்டுமே அறிந்த பலர். பிரபுக்களின் செல்வாக்கு மறைந்ததால் பிழைப்பை இழந்த முடி ஒப்பனைக் கலைஞர்கள் இம்மூன்றாம் வரிசையில் இருந்தனர் என்று கூறுவர். கணக்கின் பொருளை அறியாதவர்களைக் கொண்டே உயர்ந்த கணக்குகளைப் போட முடியும் என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது.

இச்செய்தி ஆங்கில நாட்டுச் சார்லஸ் பாபேஜின் உள்ளத்தைக் கவர்ந்தது. 1832ஆம் ஆண்டில் எழுதிய தம் நூலில் ப்ரோனியின் ஏற்பாட்டை அவர் விரிவாக எடுத்துரைத்தார். பொருள் அறியாமலேயே செய்யக்கூடிய வேலையைச் செய்வதற்கு மனிதர் எதற்கு? பற்சக்கரங்களே போதுமன்றோ? அவர் முன்பே வரைந்திருந்த வேற்றுமைப் பொறியும், பிறகு கனவு கண்ட பகுப்புப் பொறியும் இக்கருத்தின் வடிவங்களே. இரண்டையும் அவர் தம் வாழ்நாளில் கட்டி முடிக்கவில்லை. எனினும் அவர் கண்ட நெறி நிலைத்தது. வேலை முதலில் கூறு போடப்படுகிறது. கூறு போட்டபின் அதில் அறிவு வேண்டாத பகுதி தனியே தெரிகிறது. அப்பகுதியைப் பொறி எடுத்துக்கொள்கிறது. ஒருவரது தொழில் பொறியிடம் போகுமா என்று அறிய விரும்புவோர் பொறியைப் பார்ப்பதற்கு முன், அத்தொழில் எவ்வாறு கூறு போடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தல் நலம்.

மூன்றாம் வரிசைக் கணக்கர் என்ன ஆயினர்? அமெரிக்க நாட்டு லாங்லி ஆராய்ச்சிக்கூடத்தில் 1935ஆம் ஆண்டு முதல் பெண்கள் கணக்கர்களாகப் பணியாற்றினர். பின்னர் அங்குச் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் தனிக் கூடத்தில் அமர்த்தப்பட்டனர். 1949ஆம் ஆண்டில் அப்பிரிவுக்குத் தலைமை ஏற்ற டாரதி வான், பெரிய மின்னணுக் கணிப்பொறிகள் வருவதைக் கண்டார். வருந்தியிராமல் அவற்றுக்குக் கட்டளை எழுதும் ஃபார்ட்ரான் என்னும் மொழியைக் கற்றார். தம் தோழியர்க்கும் கற்பித்தார். அவருடைய ஊக்கம் போற்றத்தக்கது. ஆயினும் கற்றுக்கொள்ளக் கருவியும் காலமும் கைக்கெட்டும் இடமும் அவருக்கு இருந்தன என்பதையும் மறத்தல் ஆகாது. அவை கிட்டாத இடத்தில், புதிய வேலையைக் கற்றுக்கொள் என்று கூறுவது ஏணி தராமல் மாடிக்கு ஏறச் சொல்வது போலாகும்.

அதே கூடத்தில் பணியாற்றிய காதரின் ஜான்சனின் கதை உலகறிந்தது. 1962ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20ஆம் நாள் ஜான் கிளென் என்னும் வீரர் விண்கலத்தில் ஏறி உலகை மூன்று முறை வலம் வந்தார். அவர் செல்லும் பாதையைக் கணிப்பொறி கணித்திருந்தது. புறப்படுமுன் கிளென் விரும்பியது ஒன்று: அப்பெண்மணி தம் கையால் அக்கணக்கைப் போட்டுச் சரிபார்த்தல் வேண்டும் என்பது. ஜான்சன் தம் மேசைக் கணக்கியந்திரத்தில் உழைத்துச் சரிபார்த்தார், எண்கள் ஒத்தன. கணிப்பொறி தவறிழைத்திருக்கவில்லை. அவ்வாறாயின் கிளென் தேடியது என்ன? இது சரி என்று சொல்லித் தம் பெயரால் அதற்குப் பிணை நிற்கும் ஒரு மனிதரைத் தேடினார். கணிப்பைப் பொறி தந்தது. பொறுப்பை மனிதர் தந்தார். இந்த வேறுபாடே இன்றைய பேச்சின் மையம் எனலாம்.

இனிக் கல்விக்கு வருவோம். கல்வி வரலாற்றில் இதையொத்த ஒரு சோதனை நம் சென்னையிலேயே நடந்தது. 1789ஆம் ஆண்டில் எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகளின் அனாதைப் பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் தலைமை ஏற்றார். ஒருநாள் நம் நாட்டுத் திண்ணைப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியிலும் கையாள விழைந்தார்; ஆனால் அங்கிருந்த ஆசிரியர் அதற்கு இசையவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே சிறிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்தார். முன்னேறிய பிள்ளை பின்தங்கிய பிள்ளைக்குக் கற்பித்தல் நம் திண்ணைப் பள்ளிகளுக்குப் புதிதன்று. சட்டாம்பிள்ளை என்னும் சொல்லே அதற்குச் சான்று. பெல் தாயகம் திரும்பி 1797ஆம் ஆண்டில் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதையொத்த முறையைப் பரப்பினார். ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் கற்பிக்கலாம் என்றால் விரும்பாதார் யார்?

அம்முறையால் விளைந்த நன்மை சிறிதன்று. எழுத்தை எட்டியும் பார்த்திராத ஏழைப் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றனர். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறை வெளிப்பட்டது. பிள்ளைகள் ஒப்புவித்தனர், பொருள் உணரவில்லை. தான் கற்றதை அப்படியே திருப்பிச் சொல்லவே சட்டாம்பிள்ளைக்குத் தெரியும். எதிரே இருக்கும் பிள்ளை ஏன் விழிக்கிறான் என்று கண்டறிதல் அவனுக்கு இயலாத செயல். 1846ஆம் ஆண்டில் ஆங்கில அரசு வேறு வழி வகுத்தது. மூத்த மாணவரைத் தேர்ந்து, ஐந்தாண்டு பயிற்சி அளித்து, ஆசிரியத் தொழிலுக்கு உரியவராக்கும் ஏற்பாடு தொடங்கிற்று. மலிவை நாடிச் சென்ற நாடு, மீண்டும் ஆசிரியரைத் தேடி வந்தது.

இருபதாம் நூற்றாண்டிலும் இதே ஆசை புதிய வடிவில் தோன்றிற்று. 1920களில் சிட்னி பிரெஸ்ஸி என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் மாணவரைச் சோதிக்கும் பொறி ஒன்றை அமைத்தார். 1950களில் ஸ்கின்னர் என்பவர், ஒவ்வொரு மாணவனும் தன் வேகத்தில் கற்று, விடை சரியா என்பதை உடனே அறிந்துகொள்ள உதவும் பொறியைச் செய்தார். 1960ஆம் ஆண்டில் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற பெயரால் கணிப்பொறிக் கல்வி தொடங்கிற்று. இன்றைய செயற்கை அறிவு இவை அனைத்தையும் விஞ்சியது. ஐயத்தைத் தமிழில் கேட்டாலும் விடை தரும். நூறு முறை கேட்டாலும் சினம் கொள்ளாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே வாய்த்த தனி ஆசிரியரின் துணையில் ஒரு பங்கு, சிற்றூர்ப் பிள்ளைக்கும் கிட்டும் என்றால் அது வரவேற்கத்தக்கதே. ஆனால் விடை கிட்டுவதும் கல்வி கைவருவதும் ஒன்றாகா. கட்டுரையைப் பொறி எழுதிக் கொடுத்தால் கட்டுரை பிறக்கும். எழுதுவதால் பிறக்க வேண்டிய சிந்தனை பிறவாது. எழும்பூர்ச் சோதனை நமக்கு விட்டுச் சென்ற வினா இன்றும் அப்படியே நிற்கிறது: பிள்ளை உணர்ந்தானா என்று கண்டறியும் பொறுப்பு எவருடையது? இப்பொறியைக் காட்டி ஆசிரியர் எண்ணிக்கையைக் குறைக்க முற்படும் நாடு, இங்கிலாந்து கண்ட ஏமாற்றத்தைத் தானும் காணும். ஆசிரியரின் சுமையைக் குறைக்க இதனைப் பயன்படுத்தும் நாடு பயன் பெறும்.

கலைத்துறையின் கதை வேறு வகையானது. மௌனப் படங்கள் ஓடிய காலத்தில் அமெரிக்கத் திரையரங்குகளில் இசைவாணர் பலர் நேரில் அமர்ந்து வாசித்தனர். 1927ஆம் ஆண்டில் தி ஜாஸ் சிங்கர் என்னும் பேசும் படம் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து சில ஆண்டுகளிலேயே அரங்குகளின் இசைக்குழுக்கள் கலைந்தன. 1930ஆம் ஆண்டில் இசைவாணர் சங்கம் செய்தித்தாள்களில் பெரிய விளம்பரங்களை வெளியிட்டது; அவற்றில் இரும்பு மனிதன் ஒருவன் யாழை மீட்டினான். உயிருள்ள இசையை விட்டு டப்பாவில் அடைத்த இசையைக் கேட்கலாமா என்று அவ்விளம்பரங்கள் மக்களை வினவின. மக்கள் செவிசாய்க்கவில்லை, பேசும் படத்தையே விரும்பினர்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அச்சங்கம் வேறு வழியில் சென்றது. 1942ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் இசைத்தட்டுகளுக்கு வாசிப்பதில்லை என்று இசைவாணர் உறுதி பூண்டனர். இசைத்தட்டை ஒழித்தல் அவர்தம் நோக்கமன்று. தட்டு விற்பனையில் ஒரு பங்கு இசைவாணர் நலத்துக்கு வர வேண்டும் என்பதே அவர் கேட்டது. 1944ஆம் ஆண்டு நவம்பருக்குள் பெரிய நிறுவனங்களும் இணங்கின. அப்பணத்தில் நிதி ஒன்று எழுந்தது. வேலை இழந்த இசைவாணருக்கு ஊதியம் கொடுத்து, பொதுமக்களுக்குக் கட்டணமில்லாக் கச்சேரிகள் நடத்த அது பயன்பட்டது. பொறியை எதிர்த்தபோது தோற்றவர்கள், பொறியின் வருவாயில் பங்கு கேட்டபோது வென்றனர்.

இதே பாடம் 2023ஆம் ஆண்டில் ஹாலிவுட்டில் மீண்டும் படிக்கப்பட்டது. அவ்வாண்டு மே 2ஆம் நாள் தொடங்கித் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதியக் கோரிக்கையோடு செயற்கை அறிவு பற்றிய கோரிக்கையும் அதில் அடங்கியிருந்தது. முடிவில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பொறி எழுதியது எழுத்தாளரின் படைப்பாகக் கருதப்படாது. எழுத்தாளர் விரும்பினால், நிறுவனத்தின் இசைவோடு பொறியைப் பயன்படுத்தலாம். பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று அவரை எவரும் கட்டாயப்படுத்தலாகாது. பொறி வேண்டாம் என்று அவர்கள் கூறவில்லை; படைப்பின் பெயரும் ஊதியமும் யாருக்கு உரியன என்பதை வரையறுத்துக்கொண்டனர். சங்கம் உடையோர் இவ்வாறு காத்துக்கொண்டனர். பல்லாயிரம் பேரின் எழுத்தையும் ஓவியத்தையும் குரலையும் கற்றே இப்பொறி வளர்ந்தது. சங்கம் அற்ற அப்படைப்பாளர்க்கு யார் துணை என்பது விடை காண வேண்டிய வினாவாகும்.

கடைசியாக மனித உறவைப் பற்றிய ஒரு செய்தி. 1923ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் பிறந்து, இளமையில் குடும்பத்தோடு அமெரிக்கா சென்று குடியேறியவர் ஜோசப் வைசன்பாம். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றியபோது எலைசா என்னும் உரையாடும் நிரல் ஒன்றை ஆக்கி, 1966ஆம் ஆண்டில் அதைப் பற்றி எழுதினார். அது உளநோய் மருத்துவர் போலப் பேசும். ஒருவர் தம் தாயைப் பற்றி ஏதேனும் கூறினால், உங்கள் குடும்பத்தைப் பற்றி மேலும் சொல்லுங்கள் என்று விடை தரும். கேட்ட சொற்களைத் திருப்பிப் போட்டு வினாவாக்குவதே அதன் வித்தை. பொருள் அறிதல் என்பது சிறிதும் இல்லை. இதனை நன்கறிந்தவர் அவருடைய செயலாளரான ஒரு பெண்மணி. நிரல் உருவானதைப் பல மாதம் உடனிருந்து பார்த்தவர். அவரே அதனோடு சிறிது நேரம் உரையாடியபின், வைசன்பாமை நோக்கி, அறையை விட்டு வெளியே செல்லுமாறு கேட்டுக்கொண்டார். தனிமையில் பேச விரும்பினார்!

ஆக்கியவர் திகைத்தார். எளிய பொம்மை ஒன்றிடம் அறிவுடைய ஒருவர் உள்ளத்தைத் திறக்க முடியும் என்றால், அங்குப் பேசுவது பொறியின் ஆற்றலன்று, செவி தேடும் மனிதரின் ஏக்கம் என்று உணர்ந்தார். மருத்துவருக்கு மாற்றாகவே இத்தகைய நிரல்களைக் கையாளலாம் என்று சில மருத்துவர்கள் கருதியது அவரை மேலும் கலக்கிற்று. 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பொறியால் செய்ய முடிந்தாலும் பொறியிடம் விடத்தகாத செயல்கள் உண்டு என்று அவர் வாதிட்டார். பொறியால் இயலுமா என்ற வினாவைப் போலவே, பொறியிடம் விடலாமா என்ற வினாவும் இன்றியமையாதது என்பது அவர் துணிபு.

எலைசாவோடு ஒப்பிட்டால் இன்றைய பொறி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உடையது. நள்ளிரவில் உறக்கம் வராத முதியவருக்கும், வெளியே சொல்ல நாணும் இளைஞருக்கும் அது பேச்சுத் துணையாகிறது. அத்துணையை இழிவாகப் பேசுதல் கல்நெஞ்சம். பேச்சுக்கு ஏங்குவோர் இத்துணை பேர் இருக்கிறார்களே என்று நாம் வருந்துதல் தகும். எனினும் பொறி கேட்பது போல் இருக்கும். மறுநாள் கவலையோடு வாயிற்படி ஏறி வராது. நம் துயரால் அதற்கு இழப்பில்லை. நம் நலத்தால் அதற்கு மகிழ்வில்லை. உறவு என்பது சொல்லோடு முடிவதன்று. சொல்லுக்குப் பின் ஒருவர் நிற்றல் வேண்டும்.

ஆகவே நான்கு கதைகளும் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன. பொறி வேலையை ஏற்கும், பொறுப்பை ஏற்காது. இதனை மறந்தால் விளைவு யாது என்பதற்கு நெதர்லாந்து நாடு அண்மைச் சான்று. குழந்தைக் காப்பகச் செலவுக்கு அந்நாட்டு அரசு தரும் உதவித்தொகையில் மோசடி செய்வோரைக் கண்டுபிடிக்க வரித்துறை முனைந்தது. எவரை ஐயுற வேண்டும் என்று கூறத் தானே கற்கும் கணிப்பொறி நிரல் ஒன்றும் பயன்பட்டது. ஆயிரக்கணக்கான பெற்றோர் குற்றமின்றியே மோசக்காரர் ஆக்கப்பட்டனர். பெற்ற தொகை முழுவதையும் திருப்பிக் கொடுக்குமாறு பணிக்கப்பட்டுக் கடனில் மூழ்கினர். எக்காரணத்தால் ஐயுற்றீர்கள் என்று கேட்டவர்க்குத் தெளிந்த விடை கிட்டவில்லை. நிரலின் குற்றம் மட்டுமன்று அது. கடுமையான சட்டமும், செவிசாயாத அதிகாரிகளும் அதில் பங்கு கொண்டனர். உண்மை வெளிப்பட்டபின் 2021ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலகிற்று. நிரலைப் பதவி விலகுமாறு கேட்க எவருக்கும் தோன்றவில்லை, தோன்றவும் முடியாது.

இப்பொறியால் வரும் நன்மைகளை மறுப்பதற்கில்லை. உயிர்களின் உடலில் உள்ள புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை அறிவுக்காக 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசில் ஒரு பாதி வழங்கப்பட்டது. மருந்து காணும் அறிஞர்க்கு அது பேருதவி. அதே வேளையில் பொறிக்குப் படங்களை வகைப்படுத்திக் கொடுத்தும், அது தரும் விடைகளுக்கு மதிப்பெண் இட்டும் உழைக்கும் பலர், நம் நாட்டின் சிறு நகரங்களிலும் இருக்கின்றனர். ப்ரோனியின் மூன்றாம் வரிசை மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. பொறியின் புகழைப் பேசும்போது அவ்வரிசையில் அமர்ந்திருப்போரின் கூலியையும் பேசுதல் அறமாகும்.

ஆகையால், செயற்கை அறிவு நம்மை என்ன செய்யும் என்று அஞ்சிக் காத்திருத்தல் வேண்டா. பள்ளியில், பணியிடத்தில், அரங்கில், அரசு அலுவலகத்தில் அது நுழையும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது தவறினால் விடை சொல்பவர் யார்? ஒரு மனிதரின் பெயர் விடையாக வருமானால் பொறியை அச்சமின்றி ஏற்கலாம். பெயர் வாராத இடத்தில், அது எத்துணைத் திறமை உடையதாயினும், வாயிலில் நிறுத்தி வைத்தலே அறிவுடைமை.